டெல்லி வாசலில் நின்றவர்கள் யார்?

பிளஸ் டூ பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டுப் பிள்ளை வீடு வந்து சேர்வதற்குள் அத்தாவின் செல்போன் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் பெரியகுளத்திலும் கடை வைத்திருக்கும் எந்த வியாபாரியைக் கேட்டாலும் இதைச் சொல்வார். பேசுகிறவனுக்குப் பிள்ளையின் பெயர் தெரிகிறது. எந்தப் பள்ளி, என்ன குரூப் என்பது தெரிகிறது. தகப்பனார் பெயரும் தெரிகிறது. "ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி, இன்றைக்கே முன்பணம் கட்டினால் உங்களுக்கு" என்று கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு குரல் அவசரப்படுத்துகிறது.

அந்தக் குரலுக்கு நம் வீட்டு விலாசத்தைக் கொடுத்தது யார்? பள்ளிக்கூடமா? விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்த பிரவுசிங் சென்டரா? பாடம் சொல்லித் தருகிறேன் என்று செல்போனில் புகுந்த ஆப்பா? யாரைக் கேட்டாலும் கையை விரிக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் பட்டியல் விலைக்குக் கிடைக்கிறது என்பது மட்டும் ஊரறிந்த இரகசியமாக இருக்கிறது.

போனைக் கட் செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. தீராது ஐயா! போன் செய்கிறவன் கூலிக்கு வேலை செய்கிற பையன். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரம் இருக்கிறது. அந்த வியாபாரத்துக்குச் சட்டம் எழுதும் இடம் டெல்லி. சட்டம் எழுதப்பட்ட நேரத்தில் அங்கே யார் யார் வாசலில் நின்றார்கள், என்ன கேட்டார்கள், எதை வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதுதான் நாம் இந்த இதழில் எழுப்பும் கேள்வி.

நடந்தவற்றை முதலில் பார்ப்போம்.

2018இல் நீட் தேர்வு எழுதிய 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்கள் இணையத்தில் விலைக்குக் கிடைப்பதாகச் செய்தி வந்தது. அப்போது நீட் தேர்வை நடத்தியது சி.பி.எஸ்.இ. காங்கிரஸ் தலைவராக இருந்த ராகுல் காந்தி அந்த ஜூலையில் சி.பி.எஸ்.இ. தலைவருக்கு விசாரணை கோரிக் கடிதம் எழுதினார். டாக்டர் கனவோடு விண்ணப்பம் போட்ட ஏழைப் பிள்ளைகளின் பெயர்களும் போன் நம்பர்களும் சந்தைச் சரக்காகின.

2022 டிசம்பரில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் பைஜூஸ் நிறுவனத்தை விசாரணைக்கு அழைத்தது. பிள்ளைகள், பெற்றோர்களின் போன் நம்பர்களை அந்த நிறுவனம் வாங்கி, விடாமல் துரத்துகிறது என்றும், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளின் வீடுகளைக் குறி வைக்கிறது என்றும் ஆணையத்தின் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். நம்பர்களை வாங்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் என்றால் யார்? இந்தப் பள்ளத்தாக்கில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் கூலிக்காரரின் மகள். ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் காலெடுத்து வைக்கும் நம் பையன். கல்வியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாதவர்களிடம்தான் வலை வீசப்படுகிறது.

அந்த பைஜூஸ் பிறகு என்ன ஆனது? 2022இல் 2,200 கோடி டாலர் பெறும் என்று மதிப்புப் போட்டார்கள். 2024 ஜூலையில் பெங்களூரிலுள்ள கம்பெனி தீர்ப்பாயம் அதன் மீதான திவால் மனுவை ஏற்றுக்கொண்டது. ஒரு கடை நொடித்துப் போனால் தராசு, அலமாரி, மிச்சச் சரக்கு எல்லாம் கடன்காரர்களுக்குப் போகும். இது வியாபாரிகளுக்குத் தெரிந்த கணக்கு. பிள்ளைகளின் பட்டியலை வைத்துப் பிழைத்த கம்பெனி நொடித்தால் எது அலமாரி, எது சரக்கு? அமெரிக்காவில் இந்தக் கேள்வி 2014லேயே வந்துவிட்டது. கல்லூரி சேர்க்கைக்கு மாணவர்களைத் தயார் செய்து கொடுத்த கனெக்ட்எட்யூ என்ற நிறுவனம் திவாலானபோது, மாணவர்களின் விவரங்களைச் சொத்தோடு சேர்த்து விற்றுவிடக் கூடாது என்று அந்நாட்டின் வர்த்தக ஆணையம் தலையிட்டுக் கடிதம் எழுதியது. நம் நாட்டில் அப்படி எழுதக் கை எது?

தனியார்தான் இப்படி, அரசாங்கத்தின் கையில் பத்திரமாக இருக்கும் என்று நம்பவும் வழியில்லை. கொரோனா காலத்தில் நம் பிள்ளைகள் படித்த திக்ஷா செயலி மத்திய அரசுடையது. 49 நாடுகளின் கல்விச் செயலிகளைச் சோதித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பிள்ளைகளை வேவு பார்க்கும் விதத்தில் இருந்தன என்றது அது. பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகத் திரட்டக்கூடியவற்றில் திக்ஷாவும் ஒன்று. 2023 ஜனவரியில் இன்னொன்று வெளியானது. பூட்டுப் போடாத ஒரு சர்வரில் திக்ஷாவில் பதிந்திருந்த 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும், ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களின் விவரங்களும் திறந்து கிடந்தன.

இனி இந்த வியாபாரத்தின் தாயகத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளைகள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. இலாப நோக்கமற்றது என்று பெயர். தேர்வுக்கு வரும் பிள்ளைகளிடம் வாங்கும் விவரங்களைக் கல்லூரிகளுக்குப் பெயர் ஒன்றுக்கு 47 சென்ட் வீதம் கொடுத்ததாக 2019இல் பத்திரிகைகள் எழுதின. அன்றைய கணக்கில் முப்பத்துச் சொச்சம் ரூபாய். ஒரு பிள்ளையின் விலை அவ்வளவுதான்! பள்ளிக்கூடத்திலேயே வைத்து நடத்திய தேர்வுகளில் திரட்டிய விவரங்களையும் இப்படிக் கொடுத்தது சட்டவிரோதம் என்று நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் பிடித்தார். 2019 என்ற ஒரே ஆண்டில் அந்த மாநிலத்தில் மட்டும் 2,37,000 மாணவர்களுக்கு மேல். 2024 பிப்ரவரியில் ஏழரை இலட்சம் டாலர் கட்டி அந்த அமைப்பு விவகாரத்தை முடித்துக்கொண்டது.

பவர்ஸ்கூல் என்று இன்னொரு நிறுவனம். பள்ளிப் பதிவேடு முதல் கல்லூரி விண்ணப்பம் வரை எல்லாம் அதன் கம்ப்யூட்டரில். 2024 டிசம்பரில் ஒரு கல்லூரி மாணவன், 19 வயதுப் பொடியன், அதற்குள் புகுந்தது தெரியவந்தது. 6 கோடிக்கும் அதிகமான மாணவர்களின் விவரங்களை வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டினார்கள். 2025 அக்டோபரில் அவனுக்கு நான்கு ஆண்டுச் சிறை. அமெரிக்கச் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு நிர்வாக மென்பொருள் கொடுத்துவந்த நெவர்ஸ்கிப் நிறுவனத்தை 2024 தொடக்கத்தில் விலைக்கு வாங்கியதும் இதே பவர்ஸ்கூல்தான்.

அந்த நாட்டின் நீதியும் நேர்மையும் எப்படிப்பட்டவை என்பதை ஈராக்கும் காஸாவும் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. புகழ்பாட நாம் வரவில்லை. ஆனாலும் அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு நிறுவனத்துக்காக நாடாளுமன்றத்திலோ அமைச்சகத்திலோ ஆள் வைத்துக் காரியம் பார்ப்பவன் பெயரைப் பதிய வேண்டும். இதற்குத்தான் லாபி என்று பெயர். யாருக்காக, எந்த மசோதா தொடர்பாக, எவ்வளவு செலவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். காலேஜ் போர்டின் பெயரும் அந்தப் பதிவேட்டில் உண்டு. அமெரிக்கக் குடிமகன் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவேடு இருப்பதால் பணக்காரனின் செல்வாக்குக் குறைந்துவிடவில்லை. ஆனால் வந்தவன் யார் என்பதாவது தெரிகிறது.

அந்தப் பதிவேடு நமக்கே ஒருமுறை உதவியது என்பதை வியாபாரப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012இல் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்தபோது மளிகைக் கடைக்காரர்கள் நாடெங்கும் கடையடைப்புச் செய்தார்கள். அந்த டிசம்பரில் ஒரு செய்தி நாடாளுமன்றத்தை உலுக்கியது. 2008 முதல் வால்மார்ட் நிறுவனம் அமெரிக்காவில் லாபிக்காகச் செலவழித்த ஏறத்தாழ 2.5 கோடி டாலர், அதாவது 125 கோடி ரூபாய், இந்தியச் சந்தையில் நுழைவதற்கான வேலையையும் உள்ளடக்கியது! இதை நம் அரசு சொல்லவில்லை. உளவுத்துறை கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கப் பதிவேட்டில் வால்மார்ட்டே எழுதிக் கொடுத்திருந்தது. நம் கடைக்கு வரவிருந்த ஆபத்தை எட்டாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். வெட்கக்கேடு இல்லையா? ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை வைத்தார்கள். இந்தியாவில் என்ன நடந்தது என்பதில் உறுதியான முடிவுக்கு வர முடியாமல் அந்த விசாரணை முடிந்தது. எப்படி வர முடியும்? இங்கே லாபி செய்பவன் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டமே இல்லையே! 2013இல் ஒடிசாவின் கலிகேஷ் சிங் தேவ் இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை.

இப்போது பிள்ளைகளின் விவகாரத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்.

2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகம் இணையவழிக் கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது. இவற்றை ஒழுங்குபடுத்த ஒரு கொள்கை தயாராகிறது என்று 2022 ஜனவரி முதல் வாரத்தில் அமைச்சர் தர்மேந்திர பிரதான் சொன்னார். பத்தே நாளில் பைஜூஸ், அன்அகாடமி, வேதாந்து முதலான நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை அமைத்தன. எங்களை நாங்களே ஒழுங்குபடுத்திக் கொள்கிறோம், இதோ எங்கள் நடத்தை விதிகள் என்று நீட்டின. அரசு விட்டுவிட்டது. தனிச் சட்டம் வரவே இல்லை. பத்து நாளில் இவ்வளவு ஒற்றுமை! நம் சமுதாயத்து இயக்கங்கள் பாடம் படிக்க வேண்டிய வேகம்தான் அது.

பிறகு 2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல ஷரத்துகள் அதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் விவரத்தைத் தொட வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பிள்ளையைத் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது. பிள்ளையைக் குறி வைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்துக்குள் ஜன்னல்களும் இருக்கின்றன. யாருக்கு வேண்டுமானாலும் விதி போட்டு விலக்கு அளிக்கலாம் என்றது ஒரு ஜன்னல். பாதுகாப்பாக நடந்துகொள்ளும் நிறுவனத்துக்கு வயது வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்றது இன்னொன்று. பதினெட்டு என்ற வரம்பு அதிகம், குறைக்க வேண்டும் என்று தொழில் அமைப்புகள் முன்பே வாதாடி வந்தன.

2025 ஜனவரியில் விதிகளின் வரைவு வந்தது. நவம்பரில் இறுதியானது. கல்வி நடவடிக்கைகளுக்காகவும், பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் என்று சொன்னால், கல்வி நிறுவனங்களுக்குப் பெற்றோர் சம்மதத்திலிருந்தும் கண்காணிப்புத் தடையிலிருந்தும் அந்த அளவுக்கு விலக்கு உண்டு என்று நான்காம் அட்டவணையில் எழுதப்பட்டது. வாத்தியார் வருகைப்பதிவு எடுக்க ஒவ்வொரு முறையும் அத்தாவிடம் கையெழுத்து வாங்க முடியாது, அது நமக்குப் புரிகிறது. ஆனால் 'கல்வி நடவடிக்கை' என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பள்ளிக்கூடத்தின் பெயரில் கணக்கு எழுதும் கம்பெனி அந்தக் குடைக்குள் நிற்கிறதா, வெளியே நிற்கிறதா? இதை நீதிமன்றம் பார்த்துச் சொல்வதற்குள் இன்றைய ஆறாம் வகுப்பு மாணவி பட்டம் வாங்கிவிடுவாள். அதுவும் முக்கியமான கடமைகள் அமலுக்கு வருவதற்கு 18 மாத அவகாசம் வேறு, 2027 மே மாதம் வரை.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் அவகாசம் இல்லை. இதே சட்டத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கிய திருத்தம் 2025 நவம்பரிலேயே உடனடியாக அமலுக்கு வந்தது! மக்களின் கேள்விக்குப் பூட்டு உடனே. கம்பெனிக்குக் கடிவாளம் பிறகு.

எல்லாவற்றுக்கும் மேலான சங்கதி இனிமேல்தான். இந்த விதிகளின் வரைவுக்குக் கருத்துச் சொல்லும்படி அரசு அழைத்தபோது, வரும் கருத்துகளை வெளியிட மாட்டோம், நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்போம் என்று சேர்த்தே அறிவித்தது. 2022 நவம்பரில் மசோதாவின் வரைவுக்கும் இதே அறிவிப்புத்தான். ஆக, எந்த நிறுவனம் எந்த ஷரத்தை மாற்றச் சொன்னது, எந்த விலக்கைக் கேட்டது என்று நீங்களும் நாமும் பார்க்க முடியாது.

நம்பிக்கைப் பொறுப்பு என்பதற்கு நம் வீடுகளில் புழங்கும் சொல் அமானிதம். இந்தச் சட்டமும் மக்களின் விவரத்தை வாங்கி வைத்திருக்கும் கம்பெனிக்கு அமானிதக்காரர் என்ற பொருள்படும் பெயரைத்தான் சூட்டியிருக்கிறது. சொல் நல்ல சொல்தான். நடப்பைப் பாருங்கள். கம்பெனிகள் அரசுக்கு எழுதிய கடிதங்கள் அமானிதமாகப் பூட்டி வைக்கப்படுகின்றன. நம் பிள்ளைகளின் போன் நம்பர் சந்தையில் கிடக்கிறது. எதை அமானிதமாகக் காக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எதை நாலு பேர் முன் விரித்துக் காட்ட வேண்டுமோ அதைக் காக்கிறார்கள்.

நம் வைகை அணையைப் பாருங்கள். 71 அடி அணை. நீர் 66 அடியை எட்டினால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. தேனியிலிருந்து இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குகிறார்கள். எத்தனை கன அடி திறந்தார்கள் என்று மறுநாள் பத்திரிகையில் வருகிறது. போடியில் ஏலக்காய் ஏலம் முடிந்தால் எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவு விற்றது, அதிக விலை என்ன, சராசரி என்ன என்று அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. தண்ணீருக்கும் ஏலக்காய்க்கும் இருக்கும் இந்த ஒழுங்கை நம் மக்களின் பெயருக்கும் விலாசத்துக்கும் கேட்டால் அது பெரிய கோரிக்கையா?

நம் சமுதாயத்துக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் ஆண்டுதோறும் மத்திய அரசுக்கு அனுப்பும் யுடைஸ் பதிவில், பிள்ளை எந்தச் சிறுபான்மைச் சமூகம் என்ற கட்டமும் உண்டு. அந்தக் கட்டமே கூடாது என்று சிலர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். கணக்கு இருந்ததால்தான் 2006இல் சச்சார் கமிட்டி நம் நிலையை நாட்டுக்கு எடுத்துக்காட்ட முடிந்தது. கணக்கு வேண்டும். ஆனால் மொத்தக் கணக்கு வேறு, இன்னார் மகள், இன்ன தெரு, இன்ன நம்பர் என்ற பட்டியல் வேறு. 2022 ஜனவரியில் நம் பெண்களின் படங்களைத் திரட்டி ஏலம் விடுவதுபோல் செயலி செய்து கேவலப்படுத்தினார்களே, அதில் கைதானவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். பொதுவெளியில் கிடைத்த படங்களை வைத்தே அவ்வளவு செய்தவர்கள் கையில் ஒரு முழுப் பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும் என்று பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் யோசிக்காமல் இருக்க முடியாது.

டெல்லியைச் சொல்லிவிட்டு உள்ளூரைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மே மாதம் வந்தால் கல்வி வழிகாட்டி முகாம்கள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. நல்ல காரியம், நடக்கட்டும். வாசலில் ஒரு மேசை போட்டு நோட்டில் பெயர், மதிப்பெண், போன் நம்பர் எழுதி வாங்குகிறார்களே, முகாம் முடிந்ததும் அந்த நோட்டு எங்கே போகிறது? பேனருக்கும் பிரியாணிக்கும் பணம் கொடுத்த கல்லூரியின் ஆள் அதைப் படமெடுத்துக்கொண்டு போனால் தடுக்க யார் பொறுப்பு? ஜமாஅத் நிர்வாகிகள் இதை இந்த ஆண்டே ஒழுங்குபடுத்த வேண்டும். நோட்டு முத்தவல்லியிடம் இருக்கட்டும், வேலை முடிந்ததும் கிழிக்கட்டும். கடைக்காரர்களும் பில் போடும்போது கம்ப்யூட்டரில் ஏற்றும் வாடிக்கையாளர் நம்பர் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அபார் எண்ணுக்குச் சம்மதப் படிவம் வந்தால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோரின் சம்மதம் கேட்டே அந்தப் படிவம் தரப்படுகிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. ஆதார் இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'ஒரே சீட்டு' என்று போன் வந்தால், உங்களுக்கு இந்த நம்பர் எங்கே கிடைத்தது என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கையில் கொடுத்துவிட்டு அலையாதீர்கள். அவற்றைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவித்துவிட்டது.

இவை தற்காப்பு மட்டுமே. அரசியல் அமைப்பில் இருக்கும் இளைஞர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. தேனித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒவ்வொரு ஊரிலிருந்தும் மனுக் கொடுங்கள். மனுவில் மூன்றே கேள்விகளை எழுதுங்கள். 2025 விதிகளின் வரைவுக்கு எந்தெந்த நிறுவனங்கள் கருத்து அனுப்பின? நான்காம் அட்டவணையின் விலக்குகளை யார் கேட்டார்கள்? அமைச்சகங்களில் காரியம் பார்க்க வருபவர்களுக்கு ஒரு பதிவேட்டை இந்த அரசு எப்போது திறக்கும்? இவற்றை அவையில் கேட்டு, வரும் பதிலை எழுத்தில் வாங்கித் தாருங்கள் என்று சொல்லுங்கள். பதில் வந்தால் அதையும், வராவிட்டால் வரவில்லை என்பதையும் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம்.